டக் என்றால் நிறுத்தணும்

ஜூன் 8, ஞாயிறு

டில்லிபாபு மறுபடியும் பைக்கின் ஆயில் போல்ட்டை இறுக்கி இறுக்கி மரையைக் காலி பண்ணிவிட்டார். “லூசா கீதுமே” என்று ஸ்பானரில் தொங்கினால் வேறென்ன ஆகும்? புருஷனுக்குக் கை பலம் என்று பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ஜூன் 14, சனி

என் தம்பி ரஞ்சித் ஒரு டார்க் ரெஞ்ச் கொண்டுவந்து கொடுத்தான். அளவு வைத்துத் திருப்பினால், போதும் என்கிற இடத்தில் ‘டக்’ என்று சத்தம் வருமாம். “மாமாவுக்குன்னே செஞ்ச சாமான்க்கா” என்று சிரித்தான்.

ஜூன் 15, ஞாயிறு

புது போல்ட். டில்லி ரெஞ்ச்சைத் திருப்பினார். டக். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அவர் நிறுத்தவில்லை. மறுபடி டக். மறுபடியும் இழுக்கிறார்!

“யோவ், நிறுத்துய்யா! அதான் சொல்லுதே!”

“இன்னா சொல்லுது? ஒன்னியும் சொல்லல. உன் தம்பி டூப்ளிகேட்டு வாங்கியாந்துகீறான்.”

ரெஞ்ச்சை நான் பிடித்து, அவர் தலையைப் பக்கத்தில் இழுத்து வைத்து, போல்ட்டில் ஒரு தடவை அழுத்தினேன். டக். “இப்ப?” என்றேன். அவர் என் உதட்டையே பார்த்தார்.

கப்பல் தகட்டில் வருஷக்கணக்காக கிரைண்டர் பிடிக்கிறவர். கை மரத்துப்போனது தெரியும். காதுமா? டிவி சத்தத்துக்கு எத்தனை சண்டை... “ஐயோ, எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சா இன்னாய்யா பண்ணுவ?” என்றேன்.

“கண்ணாடியில பாத்துகினுதான் போறேன். வெளிய சொல்லாத யசோ. வேலய வுட்டு அனுப்ச்சிடுவாங்கோ.”

இத்தனை நாள் உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிசு.

ஜூன் 16, திங்கள்

பைக்கை இனி ரஞ்சித் ஓட்டுவான், இவர் பின்னால் உட்காருவார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினார். ஏறினாரே, அது போதும்.

ஜூலை 3, வியாழன்

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். இரண்டு காதும் அடிபட்டிருக்கிறது. மெஷின் வைத்தால் கேட்குமாம். சூப்பர்வைசரிடம் நானே போய்ப் பேசினேன். அவர் விரட்டவில்லை, இவரை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

ஜூலை 13, ஞாயிறு

செயின் சரிபண்ணி, பின்சக்கர நட்டை முடுக்கினார். பக்கத்தில் குந்திக்கொண்டு, டக் என்றதும் தோளைத் தட்டினேன். நிறுத்தினார். இனி ஞாயிறுதோறும் எனக்கு இந்த வேலைதான் போல. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மெஷின் வந்துவிட்டது. காக்கா இவ்வளவு சத்தமா கத்துமா என்று கேட்கிறார்!

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆயில் மாற்றினோம். அவர் ரெஞ்ச்சைப் பிடிக்க, நான் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை இழுப்புதான் இழுத்திருப்பார், பழக்கத்தில் என் கை முந்திக்கொண்டு தோளைத் தட்டிவிட்டது.

“இன்னும் வர்லமே. இரு.”

இன்னும் கொஞ்சம் இழுத்தார். டக். தானே நிறுத்தினார்.

நான் எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு, “நல்லா இருய்யா” என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

“நீயும்தான்” என்றார், போல்ட்டைத் துடைத்துக்கொண்டே.