திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பிடித்த கொலைகாரன்

நான் அன்றைக்கே சொன்னேன் மாமே. யாரும் சீந்தாத அந்தக் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம் ஒரு நாள் டிவியில் வரும் என்றேன். எனக்கு முன்னால் நீ போய்ச் சேருவாய் என்றும் சொன்னேன். இரண்டும் நடந்துவிட்டன. இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் தொப்பியும் நீளக் கோட்டுமாக அந்தத் துப்பறிவாளர் டிவியில் வந்து நின்றதும், உன் மேல் இருந்த கோபம் பழையபடி கொதித்தது.

ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் திரை கட்டி அதைப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? "ஷிப்ட் முடிச்சிட்டு மெதுவா வா மாமே, முன்னாடி பாய் போட்டு வைக்கிறேன்" என்றாய். வந்து பார்த்தால் என் இடத்தில் சூப்பர்வைசர் குடும்பம். வேறு வழியில்லாமல் திரைக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் படம் இடவலம் மாறித் தெரியும்; அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கொலை செய்தவன் இடதுகைக்காரன் என்றார் துப்பறிவாளர். டாக்டர் இடது கையால் ஆப்பிள் நறுக்கினார். போலீஸே வேலைக்குக் கூப்பிட்டும் போகாத மூளை என்னுடையது. எழுந்து நின்று, "டாக்டர்தான் கொலைகாரன்!" என்று மைதானம் அதிரக் கத்தினேன்.

கடைசியில் மாட்டியது படத்தில் வந்த குமாஸ்தா.

"இன்னா மாமே, பின்னாடி குந்திகினு சோத்துக் கைய பீச்சாங்கைன்னு பாத்துகினியா?" என்றாய். ஆயிரம் பேர் சிரித்தார்கள். அன்று முதல் நான் 'பீச்சாங்கை சிஐடி'. கேன்டீனில், ரயிலடியில், பூந்தமல்லியில் நான் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அந்தப் பெயரை அவிழ்த்துவிட்டாய். "பொண்ணு சிரிச்சிச்சுல்ல? அதுக்கே நீ எனக்குப் பிரியாணி வாங்கித் தரணும்" என்று வேறு கேட்டாய்.

பழிவாங்கக் காத்திருந்தேன். உன் சாவு வீட்டில் குவார்ட்டர்ஸே கூடி நின்றபோது சொன்னேன்: "ஆஸ்பத்திரில என் கையப் புடிச்சிகினு, 'உன் எடத்த உட்டுக் குடுத்தது என் தப்பு மாமே, உன்ன மாரி மூள எவனுக்கும் இல்ல'ன்னு அழுதாம்பா." எல்லாரும் நம்பினார்கள். கேன்டீனில் அந்தப் பெயர் அன்றோடு செத்தது.

உண்மையில் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்குப் பேச்சு நின்றிருந்தது. நீ சொன்னதாகச் சொன்னது முழுக்க என் கைச்சரக்கு. சொல்லும்போது உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் மாமே, எழுந்து "பொய் சொல்றாண்டா" என்று ஒரு சத்தம் போடமாட்டாயா என்று. நீ அசையாமல் கிடந்தாய். அதற்கு நான் யாரைப் போய்ப் பழிவாங்குவேன்?