மழைக்கு முன் பிரித்த மூட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிவலி தேவலையா? நீ போனை எடுக்க மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். பால்காரர் உன் பக்கம் கிளம்புவதற்குள் முடித்தாக வேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வானம் கறுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் யூரியா மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

போன மழைக்கும் இப்படித்தான். முன்னாலேயே வீசினால் தண்ணீர் பாய்ச்சும் வேலை மிச்சம் என்று வீசினார். மழை கொட்டித் தீர்த்தது. உரமெல்லாம் வாய்க்காலோடு போய், உன் குளம் பாசி பிடித்து, மீனெல்லாம் மிதந்தது. நீ திட்டக்கூட இல்லை. குளத்துக்கு வரும் வாய்க்காலை மண்மூட்டை போட்டு அடைத்துவிட்டுப் பேச்சையும் நிறுத்திக்கொண்டாய். நியாயம்தான். ஆனால் இன்றும் அந்த அடைப்பு இருந்தால் தண்ணீர் வடிய வழியில்லாமல் எங்கள் பயிர் முழுகி அழுகிவிடும்.

மழை விட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உரம் போடச் சொல்லி வேளாண்மை அதிகாரி எத்தனையோ தடவை வந்தார். "பயிர் வெளுத்தா ஊரு என்னைப் பார்த்துல்ல சிரிக்கும்" என்று இவர் அனுப்பிவிட்டார். இவருக்குப் பக்கத்து வயலின் பச்சைதான் கணக்கு.

ஆனால் செத்த மீனை அள்ள இவரும் வந்தார், அக்கா. நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாய். "நம்ம வாய்க்கால் விழுற இடத்துலதான் குவியலா கிடந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து மீன் அவர் தொண்டையில் இறங்குவதில்லை. வயலிலிருந்து ஓடும் உரத்தைப் புல் தடுத்து வைக்கட்டும் என்று வாய்க்கால் ஓரம் நாலு முழம் உழாமல் விட்டார். புல் முழங்கால் உயரம் நிற்கிறது. "மாடு வாங்கப் போறியா?" என்று பக்கத்து வயல்காரர் கிண்டலடிக்கிறார்.

அந்த மனிதர் இப்போது உரம் வீச ஆரம்பித்துவிட்டார். இவர் அவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். நான் வாயைத் திறந்தால் வீம்புக்காவது வீசிவிடுவார்.

தூறல் விழுந்துவிட்டது.

அக்கா, மூட்டையைக் கட்டிவிட்டார்! உள்ளே தூக்கி வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். "உங்க அக்காகிட்ட சொல்லாதே. அடைப்பை எடுக்க வைக்கத்தான் செஞ்சேன்னு நினைப்பாங்க" என்கிறார்.

அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. அடைப்பை எடு என்றும் கேட்கவில்லை. ஒரு நடை வந்து, அந்தப் புல்லைத் தாண்டி வரும் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார். பிறகு உன் இஷ்டம்.

நீயும் உன் குளமும் நன்றாக இருக்க வேண்டும். வரப்பு வழுக்கும், பார்த்து வா.

உன் தங்கை