தமிழில் நாற்பது நொடி

நேற்று மெட்ரோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் போனில் நம் கம்பெனியில் நாம் செய்த விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தார், அதுவும் தமிழில். ஏரிக்கரை உடையும் அந்தக் கட்டம். விளையாட்டில் வரும் பெரியவர் தப்பிக்கும் வழியைச் சொல்லச் சொல்ல, எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்தார். பாதி படிப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயய்யோ, மறுபடி மொதல்ல இருந்தா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மீண்டும் ஆரம்பித்தார். அதை வடிவமைத்த புண்ணியவதி நான்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? என் நிறுத்தம் வருமுன்பே எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டேன்.

நீ இதை முதல் வாரமே சொன்னாய். கட்டங்களை வடிவமைப்பது என் வேலை, தமிழில் ஆடிப் பார்த்துக் குறை சொல்வது உன் வேலை. மதியச் சாப்பாடு ஒரே மேசையில். "ஏன்டி, இங்கிலீஷ்ல ஒரு வரி, தமிழ்ல நாலு வரி வருது. அந்தப் பெரியவரு வாயத் தொறந்ததுமே உன் நாப்பது செகண்டு ஓட ஆரம்பிச்சிடுது. தோத்தா மூணு கட்டமும் திரும்ப ஆடணும். ஆடத் தெரியாம தோத்தா சரி. படிக்க விடாம தோக்கடிச்சா எப்படிடி?" என்றாய்.

நான் இங்கிலீஷில் ஆடிப் பார்த்தேன், பத்து நொடி மிச்சமிருந்தது. தமிழில் ஆடிப் பார்க்க எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே! நீலசந்திராவில் பிறந்து நாள் முழுக்கத் தமிழ் பேசினாலும், பள்ளியில் படித்தது கன்னடமும் இங்கிலீஷும். நீயோ ஜீவனஹள்ளியில், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தே எழுத்துக்கூட்டிக் கற்றவள். படிக்கத் தெரியாது என்று உன்னிடம் சொல்ல வெட்கம். விளையாட்டு வெளிவரப் பத்தே நாள். உன் புகாரின் கீழே 'ஆஸ் டிசைன்ட்' என்று எழுதி மூடினேன். குறை ஒன்றுமில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம். நீ மறுபடி எழுதினாய், மறுபடி மூடினேன். மூன்றாவது முறையும்.

அப்படி மூடப்படும் ஒவ்வொரு புகாரும் எழுதியவர் பெயரில் ஒரு தப்பு என்று கணக்கில் ஏறும் என்பதும், தப்பு ஏறினால் உன் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன், பாவி.

ஒப்பந்தம் முடிந்து நீ கிளம்பிய கடைசி நாள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "நான்தான் மெதுவா படிக்கறேன் போல, விடு" என்றாய். கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் நீ. "வேற எடத்துல கெடைக்கும்டி" என்று நான் சொன்னது இன்றைக்கும் என் வாயில் கசக்கிறது.

எட்டு மாதம் கழித்து டெங்குவில் ஐந்தே நாளில் போய்விட்டாய். அதற்குப் பிறகுதான் அ, ஆ எழுதிப் பழகினேன். இந்த மடலில் பிழையிருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். வரி வரியாகப் படிக்க வந்ததும் அந்தக் கட்டத்தைத் தமிழில் ஆடினேன். பதினோரு முறை முழுகினேன். உன் புகாரை என் பெயரில் திரும்ப எழுதிப் போட்டேன். அந்த விளையாட்டின் குழுவையே கலைத்துவிட்டார்கள், இனி யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்று பதில் வந்தது. தமிழில் ஆடுகிறவர்கள் முழுகிக்கொண்டேதான் இருக்கப்போகிறார்கள்.

உன் வருஷப் பூசைக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். உன் அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீயும் அவகூட வேல செஞ்சவதானேம்மா. தப்புத் தப்பா எழுதிக் குடுத்துட்டேன், அதான் நிறுத்திட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. ஆஸ்பத்திரியிலகூட அதே பேச்சு. நெசமா அவ மேலதான் தப்பா?"

அவள் எழுதியது அத்தனையும் சரி அம்மா, மூடியவள் நான் என்று ஆட்டோவில் வரும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாய் திறந்தபோது வந்தது, "காபியில சக்கரை கொஞ்சம் ஜாஸ்திம்மா."

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நீ சரியாகத்தான் எழுதினாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், உன் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.