பிராகில் கேட்ட தேதி

பிராக்,
12.5.2025

அன்புள்ள தைலம்மாளுக்கு,

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுலயே நாலு பேர வழி கேக்குறவ, தனியா எங்கடி போவ?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் கேட்டாயே. பிராக் நகரத்துக்கு வந்திருக்கிறேன். பெர்லினில் மகள் வித்யாஸ்ரீ ரயிலேற்றிவிட்டாள். இரண்டு நாள், நான் மட்டும்.

பழைய கல்பாலத்தில் நடந்தேன். கோட்டைப் படிகளில் ஏறும்போது, நம் பள்ளிப் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டை ராஜகிரிக்கு அழைத்துப்போனதுதான் நினைவில் வந்தது. நீ முன்னால் விசில் ஊதிக்கொண்டு போவாய். நான் கடைசியில் மூச்சு வாங்குவேன். இங்கே குரங்குகள் இல்லை. முறுக்கை ஒளிக்காமல் தின்றேன்.

இன்று காலை ஓட்டலைக் காலி செய்தபோது, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் நம் 'போயிட்டு வரேன்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவள் மகிழ்ந்துபோய்க் கணினியைத் திறந்து, "எந்தத் தேதியில் வருகிறீர்கள்?" என்றாள். அறுபத்தெட்டு வயதில் நான் என்ன தேதி சொல்வேன்?

மகன் வீட்டோடு இருக்கப் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று, நீ என்னிடம் "போறேன்" என்று மட்டும் சொன்னாய். உறவை வெட்டிவிட்டாய் என்று நினைத்து, இரண்டு வருடமாக உன் போனை எடுக்கவில்லை. அந்தப் பெண் கேட்ட பிறகுதான் தோன்றியது, அன்று உன்னிடமும் தேதி இல்லாமல் இருந்திருக்கலாம் என்று. போனில் கேட்க வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உண்மையைச் சொல்.

அன்புடன்,
உண்ணாமலை

பெங்களூர்,
2.6.2025

அன்பு உண்ணா,

முறுக்கு தின்றதை எழுதத் தெரிகிறது, போனை எடுக்கத் தெரியவில்லை!

வெட்டவில்லையடி. நான் கிளம்பும் முன்பே செஞ்சி வீட்டை மகன் குரு விற்றுவிட்டான். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்பி வர வீடில்லாதவள் 'வரேன்' என்று எப்படிச் சொல்வாள்? சொன்னால் நீ காத்திருப்பாய். சாப்பாட்டு மணி அடித்தும் டப்பாவைத் திறக்காமல் எனக்காக உட்கார்ந்திருந்தவள் நீ.

மகன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் செஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று குருவிடம் கேட்க நாக்கு எழவில்லை. "அங்க இன்னாம்மா இருக்குது?" என்று கேட்டுவிட்டால்?

உன் தைலம்

செஞ்சி,
14.6.2025

அடி தைலம்,

அங்கே நான் இருக்கேன்டி! வாசல் பக்கத்து அறையைக் கழுவிவிட்டேன். உனக்கென்று வாங்கிய கட்டில் நேற்று வந்து இறங்கியது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பிராகுக்குத் தனியாகப் போக வேண்டும் என்று மகளிடம் கேட்க நானும் மூன்று வாரம் தயங்கினேன். கேட்டதும், "இதுக்கா இவ்ளோ டென்ஷன்?" என்று சிரித்துக்கொண்டே என் ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

நாளைக் காலை குரு காபி குடிக்கும்போது பக்கத்தில் உட்கார். "செஞ்சிக்குப் போவணும்" என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

உண்ணாமலை