மருந்தின் அளவு

3 பிப்ரவரி 2003
கழக்கூட்டத்தில், வெளிநாட்டுப் புத்தகங்களைத் திருத்தித் தரும் கம்பெனியில் புது வேலை. அமெரிக்கப் புத்தகம் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்க்கவேண்டும். கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே ஆபத்தில்லாமல் நிரப்பிக்கொள்வது எப்படி. எம்.ஏ.வில் இரண்டாண்டு இருத்தலியல் படித்தேன். இது, தொடர்ந்து இருப்பதற்கான நானூறு பக்கம்.

5 பிப்ரவரி
தோட்டாவுக்குள் போடும் வெடிப்பொடியைப் புத்தகம் 'பவுடர்' என்கிறது; எனக்கு முகம்தான் நினைவுக்கு வருகிறது. பக்கத்து நாற்காலி பிரஜின், நாகர்கோவில்காரன், 'மருந்து' என்கிறான். எங்களுக்குள் அதுவே இருக்கட்டும்.
புத்தகம் சொல்கிறது: குறைந்த அளவில் தொடங்கு. சிறிது சிறிதாக ஏற்று. சுட்டபின் வெறுந்தோட்டாவின் அடிப்பக்கத்தைப் பார் — நசுங்கியிருந்தால் நிறுத்து. இவ்வளவு நிதானமாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

8 பிப்ரவரி
பெண் பார்த்தாயிற்று. ஜானவி. ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துக் கௌண்டரில் வேலை. என்ன செய்கிறேன் என்று கேட்டாள். "புத்தகம்" என்றேன். ஒரே சொல். மடையன்.
பிடித்திருக்கிறது. எழுதியே விட்டேன்.

9 பிப்ரவரி
நாள் குறிக்க அவள் அப்பா சுந்தரராமன் மாமா கரமனைக்கு எங்கள் வீட்டுக்கே வந்திருந்தார். கூடத்தில் காப்பி. அந்நேரம் பார்த்துப் பிரஜினின் போன். எச்சரிக்கை அத்தியாயத்தைக் காலையில் அனுப்பவேண்டுமாம், ஒருமுறை சொல் என்றான். சொன்னேன் —
"குறைச்சலா ஆரம்பிச்சு மெதுவாத்தான் ஏத்தணும். ஒரு மருந்து மேஜைல இருக்கறச்சே இன்னொண்ண எடுக்கப்படாது. மறந்துபோய் ரெண்டு தடவை போட்டா உயிருக்கே ஆபத்து. ஆமா, மனசு ஒரு நிலைல இல்லேன்னா அன்னிக்குத் தொடவே தொடாதே."
திரும்பினால், மாமா பாதிக் காப்பியை வைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.
ஏன்?

11 பிப்ரவரி
சம்பந்தம் வேண்டாமாம். "பையனுக்கு மனசுக்கு மருந்து ஓடறது, நன்னா மறைச்சுட்டேள்" என்றாராம். அம்மா என் அலமாரியைக் குடைந்தாள். விக்ஸ் கிடைத்தது. அதையும் முகர்ந்து பார்த்தாள்.
நேரே போய் விளக்கினால்? அந்த மருந்து இல்லை மாமா, தோட்டாவுக்குப் போடுகிற மருந்து — தீர்ந்தது.

13 பிப்ரவரி
ஆபீசுக்குப் போன். ஜானவி.
"மருந்தோட பேரச் சொல்லுங்கோ. என்ன வியாதின்னு நானே தெரிஞ்சுக்கறேன்."
"துப்பாக்கி மருந்து."
புத்தகத்தை விளக்கினேன். பிறகு சிரிப்பு, நிற்கவேயில்லை. பின்னால் யாரோ மலையாளத்தில் பாரசெட்டமால் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.
அப்பாவிடம் சொல்லிவிடுங்களேன் என்றேன்.
"வேண்டாம் கேட்டேளா. துப்பாக்கின்னா அப்பா ஸ்டேஷனுக்கே போயிடுவார். மருந்தே இருக்கட்டும். மருந்துன்னா நான் சமாளிச்சுப்பேன்."

14 பிப்ரவரி
மறுபடி போன். நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். சிறிது சிறிதாக.

2 மார்ச்
நிச்சயதார்த்தம். பந்தியில் மாமா என் பக்கத்து இலை. காதருகே குனிந்தார்.
"ஜானவி எல்லாம் சொன்னா. சின்ன டோஸ்தானாமே. அதொண்ணும் சாரமில்லை, பெரிசில்லே. கல்யாணம் ஆயாச்சேன்னு மருந்த நிறுத்திப்பிடாதீங்கோ, மாப்ளே."
"நிறுத்தமாட்டேன் மாமா." கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.
எதிர்ப்பந்தியில் ஜானவிக்குப் புரையேறியது.