தொட்டில் கம்பில் செய்த பேனா

கறம்பக்குடி
10.8.2025

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நலம். நீயும் ரஞ்சிதா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போய் இன்றோடு இருபத்தாறு நாள். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால் இந்தக் கடிதம். எப்படியும் ஒவ்வொரு பேனாவையும் விற்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். வெறும் தாளில் கிறுக்குவதை உனக்கே எழுதினால் என்ன என்று தோன்றியது. இந்தப் பேனா வேம்பும் பூவரசும் மெல்லிய பட்டைகளாக அறுத்து, மாற்றி மாற்றி ஒட்டி, ஒரு நாள் இறுக்கி வைத்து, லேத்தில் கடைந்தது. மை கொஞ்சம் திட்டுத் திட்டாக வருகிறது.

செல்வி, ஒரு கம்புக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? பரணில் பழைய சேலைத் துண்டு சுற்றிக் கிடந்தது. சப்பாத்திக் கட்டை என்று நினைத்தேன். இழைத்துப் பார்த்தால் அசல் கருங்காலி! பலாவின் மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு எப்படி எடுக்கும் என்று ஆசைப்பட்டு அறுத்துவிட்டேன். செய்த பேனாவை முதலில் உன்னிடம்தானே கொண்டுவந்து காட்டினேன்? "இந்தக் கம்ப எங்க எடுத்தீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டாய். பையை எடுத்தாய், பஸ் ஏறிவிட்டாய்.

அதே மாதிரி வேறு கம்பு வாங்கித் தருகிறேன். கோபத்தை விட்டுவிட்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ஜெபக்குமார்


திருமயம்
19.8.2025

ஜெபக்குமார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மை திட்டுத் திட்டாகத்தான் வருகிறது. நிப்பைப் பார்க்கவும்.

சப்பாத்திக் கட்டையா? இரண்டு முனையிலும் சேலை நழுவாமலிருக்கக் குழி வெட்டியிருந்ததே, தச்சன் கண்ணுக்கு அதுகூடத் தெரியவில்லையா? அது தொட்டில் கம்பு. நம் பிள்ளை அடைக்கலமேரி ஒன்பது மாதம் அதன் கீழேதான் தூங்கினாள். கருங்காலி இருந்தால் பிள்ளைக்குக் காற்றுக் கருப்பு அண்டாது என்று உங்கள் அம்மாதான் செய்யச் சொன்னார்கள். சுற்றியிருந்தது தொட்டில் சேலையின் கிழிசல். அதை என்ன செய்தீர்கள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

அப்போது நீங்கள் சவுதியில், தம்மாமில் யார் யாருக்கோ கட்டில் செய்துகொண்டிருந்தீர்கள். அவள் பிறந்தபோதும் வரவில்லை, போனபோதும் வரவில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தது, சரி. அதை நான் ஒரு நாளாவது குத்திக் காட்டினேனா? வெட்டியதற்குக்கூடக் கோபமில்லை. கையில் எடுத்தும் அது என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லையே. அந்த வீட்டில் அவளைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தனியாக இருப்பதற்கு அக்கா வீடே போதும்.

அன்புச்செல்வி


கறம்பக்குடி
8.9.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் லேத் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் ஒரு மடத்தனம் செய்தேன். அந்தக் கம்பில் செய்தவை இரண்டு பேனா. ஒன்று விற்றுப் போயிற்று. கையில் இருந்த மற்றொன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். பசை விட்டால் கருங்காலிப் பட்டைகளைப் பிரித்து மறுபடியும் கம்பாகச் சேர்த்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. முப்பது வருஷம் மரத்தோடு பழகியவன் செய்கிற வேலையா இது? பசை விடவில்லை. பலா உப்பிப் பிளந்துவிட்டது, கருங்காலி சிம்பு சிம்பாகப் பிய்ந்து வந்தது. சிம்புகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சேலைத் துண்டால் மெஷின் எண்ணெயைத் துடைத்துவிட்டேன். மூன்று முறை துவைத்தும் கறை போகவில்லை.

விற்ற பேனாவைத் தேடித் திருவரங்குளம் போனேன். வாங்கியவர் திருமுருகன் என்று ஒரு வாத்தியார். பேனா அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

"வித்ததைத் திருப்பிக் கேக்குறீங்களே, என்னங்க இது? நல்லா எழுதுதுங்க. தரமாட்டேன்" என்றார்.

"அது எம் பொண்ணோட தொட்டில் கம்புங்க" என்றேன்.

என் பொண்ணு என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, செல்வி. மனுஷன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பதிலுக்கு வேறொரு பேனா கொடுத்தேன். கிளம்பும்போது, "பாப்பா இப்ப எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். "ஊர்லதாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பேனாவை இத்துடன் அனுப்புகிறேன். கல்லறைத் திருநாளுக்கு வருவாய் அல்லவா? வந்தால் அப்படியே வீட்டில் இருந்துவிடேன்.

ஜெபக்குமார்


திருமயம்
17.9.2025

ஜெபக்குமார் அவர்களுக்கு,

பேனா வந்து சேர்ந்தது. கொதிக்கிற தண்ணீரிலா போட்டீர்கள்? அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பிள்ளை ஊரில்தான் இருக்கிறாள் என்றீர்களாமே. ஊரில் எங்கே? நீங்கள் திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும் என்னைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடி போன் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவேன். "முடிஞ்சுதா?" என்பீர்கள். ஏன் உள்ளே வரவில்லை? முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள். வருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

அன்புச்செல்வி


கறம்பக்குடி
5.10.2025

அன்புள்ள செல்விக்கு,

இதற்குப் பதில் எழுத நாலு தாள் கிழித்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போனில் நான் எதையும் பார்க்கவில்லை. உள்ளே வந்தால், நம் பிள்ளையின் கல்லறை எது என்று உன்னிடம் கேட்க வேண்டியிருக்குமே. பெற்றவன் கேட்கிற கேள்வியா அது? அந்த வெட்கத்தில் முதல் வருஷம் வாசலில் நின்றேன். அடுத்த வருஷம், போன வருஷம் கேட்காதவன் இப்போது எப்படிக் கேட்பது என்று நின்றேன். அப்படியே ஆறு வருஷம் போய்விட்டது.

லேத்தை நிறுத்தினால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, செல்வி. அதனால் மரம் மாட்டாமலே சும்மா ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உலையில் இன்னமும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன்.

வா என்று கூப்பிட எனக்கு வாயில்லை. ஆனாலும் கூப்பிடுகிறேன். வர மனமில்லை என்றால் ஒன்று மட்டும் செய். அவள் எப்படி இருந்தாள் என்று எழுது. எனக்கு ஒன்றுமே தெரியாது.

ஜெபக்குமார்


திருமயம்
25.10.2025

மேரி அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பேனாவில்தான் எழுதுகிறேன். இழுக்காமல் எழுதுகிறது.

அவளுக்கு உங்கள் காது. நெற்றி என்னுடையது. ஆறாம் மாதம் முதல் பல் வந்தது. எழுந்து உட்காரப் பழகியதும் தொட்டிலில் தூங்க மாட்டாள், சேலையைப் பிடித்து எம்பி அந்தக் கம்பைக் கடிப்பாள். இடது முனையில் இரண்டு பல் தடம் இருந்தது. நீங்கள் இழைத்தபோது முதலில் போனது அதுவாகத்தான் இருக்கும். மழை பெய்தால் சிரிப்பாள். வெள்ளிக்கிழமை நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணும்போது ரிசீவரை அவள் காதில் வைப்பேன். அதை நக்குவாள். நீங்கள் கத்திக்கொண்டே இருப்பீர்கள். அம்மா என்று சொன்னாள், தண்ணிக்கு ஏதோ ஒரு சொல் வைத்திருந்தாள். அப்பா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே உங்களுக்கு எழுதியிருப்பேன்.

இவ்வளவுதான். ஒன்பது மாதத்தில் ஒரு பக்கம்தான் தேறுகிறது. இருபத்து மூன்று வருஷமாக இதை நான் மட்டும் வைத்திருந்தேன். இப்போது உங்களிடமும் இருக்கிறது.

நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. அது போனபின் பார்த்தால், வர வேண்டும் என்ற ஆசையும் கூடவே போயிருக்கிறது. பேனாவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதை விற்காதீர்கள். உலையில் அரிசியைக் குறைத்துப் போடுங்கள்.

இந்த வருஷம் அவளிடம் நீங்கள் போங்கள். வாசலில் நுழைந்து இடது பக்கம் மூன்றாவது வரிசை, வேப்பமரத்துக்கு முந்தியது. பெயர் மழையில் அழிந்துவிட்டது. இரண்டு பெரிய கல்லறைக்கு நடுவில் சிறியதாக இருக்கும். தெரியாமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

செல்வி