உடைசல் எண்ணிக்கையில் சேராது

திண்டுக்கல்,
பிலவ வருஷம் ஆவணி 26,
10-9-1961, ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி சோலைமுத்துவுக்கு உன் தகப்பன் கண்ணுசாமி ஆசீர்வாதம் கூறி எழுதும் கடிதம்.

இங்கு நானும் உன் தாயாரும், என் இடது காலின் இரண்டாம் விரல் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். பம்பாயில் நீயும் மருமகள் ராமுத்தாயும் குழந்தையும் எந்தக் குறைவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எங்களுக்கு நிம்மதி. ஆகஸ்டு 29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை நீ எழுதிய கடிதம் செப்டம்பர் 2ஆம் தேதி சனிக்கிழமை காலைத் தபாலில் வந்து சேர்ந்தது. உங்கள் கம்பெனி சோப்புக் கட்டிகள் ஆறு அனுப்பியதாக எழுதியிருக்கிறாய், பார்சலில் ஐந்துதான் இருந்தன, தபால்காரர் முன்னிலையிலேயே பிரித்து எண்ணினேன், ஆறாவது கட்டி நீ வைக்க மறந்ததா வழியில் போனதா என்பதை விசாரித்து எழுதவும். குழந்தையின் போட்டோவை உன் தாயார் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், பின்பக்கம் தேதி எழுதாமல் அனுப்பிவிட்டாய். கிணற்றில் தண்ணீர் நாலு படிக்குக் கீழே போய்விட்டது. சேவுகம்பட்டித் தென்னந்தோப்பில் இந்த வெட்டுக்குக் காய் சிறுத்துவிட்டதாகக் குத்தகைக்காரர் சொல்லி அனுப்பினார். இவற்றையெல்லாம் முதலில் எழுதுவதற்குக் காரணம், அடுத்து எழுத வேண்டியதை எப்படித் தொடங்குவதென்று எனக்கு விளங்காததே.

நீ ஏப்ரல் 2ஆம் தேதி எழுதிய பெரிய கடிதத்தை நேற்று மறுபடியும் ஆதியோடந்தமாகப் படித்தேன். மார்ச் 6ஆம் தேதி திங்கட்கிழமை டாக்டர் என் விரல் கறுத்ததைப் பார்த்துவிட்டு, புகையிலையால் ரத்தக் குழாய் சுருங்கிவிட்டது, சுருட்டை விட்டால் விரல் பிழைக்கும், விடாவிட்டால் விரலோடு நிற்காது என்று சொன்னதை நான் உனக்குத் தெரிவித்ததற்கு நீ எழுதிய பதில் அது. அப்பா, சுருட்டுக் கம்பெனிக் கிட்டங்கியில் முப்பத்துமூன்று வருஷம் ஒரு கட்டுக்கூடக் கணக்குத் தவறாமல் இருப்பு வைத்தீர்கள், அதே முறையில் உங்கள் உடம்பையும் ஒரு கம்பெனிபோல் நடத்துங்கள் என்று எழுதியிருந்தாய். இலக்கு ஒன்று வைக்க வேண்டும், அதை வாரவாரியாகப் பிரிக்க வேண்டும், தினமும் பதிய வேண்டும், மாதக் கடைசியில் தலைமை ஆபீசான உனக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், வீட்டில் ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும், இலக்கை எட்டினால் பரிசு உண்டு என்று உங்கள் விற்பனைப் பகுதியில் நடப்பதையெல்லாம் வரிசையாக எழுதியிருந்தாய். உடம்புதான் கம்பெனி என்றால் முதலாளி யார், நான் மேனேஜரா வேலையாளா சரக்கா என்ற சந்தேகம் எனக்கு அன்றே இருந்தது. கேட்டால் நீ சிரிப்பாய் என்று கேட்கவில்லை. மேற்பார்வை செய்யும்படி உன் தாயாரிடம் சொன்னதற்கு, அவள் எனக்கு என்ன சம்பளம் போடுவீக என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஆனாலும் சித்திரை முதல் தேதி, ஏப்ரல் 13 வியாழக்கிழமை, புது நோட்டுப் போட்டுத் தொடங்கினேன். முதல் வாரம் நாள் ஒன்றுக்கு எட்டு, ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒன்று குறைவு. காலையில் மலைக்கோட்டை அடிவாரம் வரை நடை, அதற்கு நோட்டில் கோடு போட்டு ஒரு கலம். காப்பிக்குப் பிறகு வாய் ஊறும் நேரத்துக்குக் கொத்தமல்லி விதை மெல்வது, அதற்கு ஒரு கலம். நல்ல பழக்கம் கெட்ட பழக்கத்தின் வாடிக்கைக்காரரைத் தன் கடைக்கு இழுக்க வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, கொத்தமல்லிக் கடைக்கு என் வாய் போகவே மறுத்தது, ஆனாலும் போக வைத்தேன். ஜூன் 8ஆம் தேதி வியாழக்கிழமை முதல் சுருட்டுக் கலத்தில் இல்லை என்று எழுதத் தொடங்கி செப்டம்பர் 2 வரை எண்பத்தேழு நாள் அவ்வாறே எழுதினேன். ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்டு 31 ஆகிய தேதிகளில் அறிக்கை அனுப்பினேன். ஜூலை அறிக்கையை உங்கள் மேனேஜரிடம் காட்டியதாகவும், அவர் அதை மீட்டிங்கில் எல்லோருக்கும் வாசித்து, திண்டுக்கல் பெரியவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகவும் நீ எழுதிய வரியை உன் தாயாருக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன். அதை நினைத்தால் இப்போது பேனா ஓடவில்லை.

கலத்தில் எண் குறையக் குறைய விரல் வெளுக்க வேண்டும் அல்லவா, அது கறுத்துக்கொண்டே போனது. ஆகஸ்டு 28ஆம் தேதி திங்கட்கிழமை டாக்டர் காலை அழுத்திப் பார்த்து, பெரியவரே நீங்கள் இன்னும் சுருட்டை விடவில்லை என்றார். நான் நோட்டை எடுத்து அவர் மேஜையில் விரித்தேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டினார், நோட்டு ரொம்ப நல்லா இருக்கு பெரியவரே, ஆனா உங்க காலு இதைப் படிக்கலையே என்றார். எனக்குக் கோபம் வந்ததை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆறு நாள் குழம்பினேன். டாக்டருக்குப் படிப்புப் போதாதோ என்று நினைத்தேன், கிணற்று உப்புத் தண்ணீரோ என்று நினைத்தேன், உன் தாயார் வைக்கும் கத்தரிக்காய் வெஞ்சனத்தை இரண்டு நாள் விலக்கிப் பார்த்தேன். அவள் கோபித்துக்கொண்டு மூன்றாம் நாள் வெறும் மோரை ஊற்றினாள். நோட்டின் கூட்டலை முதலிலிருந்து நான்கு தடவை சரிபார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. கிட்டங்கியில் கணக்கு சரி, சரக்கு குறைவு என்று வந்தால் இரண்டாவது ஆளை வைத்து உரக்க வாசிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். ஆகையால் செப்டம்பர் 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் தாயாரை எதிரே உட்கார வைத்து நானே வாசித்தேன், ஜூன் எட்டு இல்லை, ஒன்பது இல்லை, பத்து இல்லை என்று வந்துகொண்டிருக்கும்போது அவள், சங்கிலி கொண்டாந்தது எந்தப் பக்கத்துல வருது என்று கேட்டாள்.

சங்கிலியை உனக்கு நினைவிருக்கும், என்னிடம் கட்டுக் கட்டும் வேலையில் இருந்தவன், இப்போதும் கம்பெனியில்தான் இருக்கிறான். மே 20ஆம் தேதி முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை விட்டுப் போகும்போது ஒரு பொட்டலம் உடைசல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். மேல் இலை கிழிந்தது, நடுவில் முறிந்தது, நுனி பிரிந்தது ஆகியவைதாம் உடைசல், அவை கட்டில் ஏறாது, இருப்பிலும் ஏறாது. நான் வேலையில் சேர்ந்த 1926ஆம் வருஷம் முதல் ஓய்வு பெற்ற 31-12-1958 வரை உடைசல் எண்ணிக்கையில் சேராது என்பதுதான் அங்கே சட்டம், அதை நானே எத்தனையோ புது ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சங்கிலியும், ஐயா இது அம்புட்டும் கழிவு, தூக்கித்தான் போடணும், செத்த நேரம் வாயில வச்சிட்டுப் போட்டுருங்க என்பான். நானும் காலை நடை முடிந்து கொல்லைப் பக்கம் உட்கார்ந்து வாயில் வைத்துவிட்டுப் போடுவேன், சில நாள் மாலையில் இன்னொரு தடவை. பிறகு உள்ளே வந்து கை கழுவி நோட்டைத் திறந்து இல்லை என்று எழுதுவேன். மகனே, நான் ஒளித்துச் செய்யவில்லை. அந்த வார்த்தையை எழுதும்போது என் மனதில் ஓர் உறுத்தலும் இருந்ததில்லை. அதனால்தான் எனக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை. எந்த நாள், எந்த வரியில் நான் பொய் சொன்னேன் என்று தேடித் தேடிப் பார்க்கிறேன், அந்த வரி அகப்படவில்லை, ஆனால் கூட்டிப் பார்த்தால் முழு நோட்டும் பொய்யாக இருக்கிறது.

அது உடைசல், எண்ணிக்கையில் சேராது என்றுதான் உன் தாயாருக்கும் பதில் சொன்னேன். அவள், ஏங்க, உடைஞ்சதுல பொகை வராதாக்கும், வாய் வழியா வந்ததெல்லாம் வெறுங்காத்தாக்கும் என்றாள். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டது தப்பு. அவள், எனக்கு எழுத்தா தெரியும், நீங்க சாயங்காலமானா நோட்டை வச்சிக்கிட்டு உக்காருறீக, குடிச்சதைத்தான் எழுதுறீக, மகன் அதைப் படிச்சிட்டு இம்புட்டுத்தான் ஆகும்னு விட்டுட்டான் போலன்னு நெனச்சேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்து போய் அடுப்படி ஆணியில் மாட்டியிருந்த சிவப்பு நூல்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். சங்கிலி பொட்டலம் கட்டிவரும் நூல். பூக் கட்ட உதவும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறாள். எண்ணினேன், பதினாறு இருந்தன. மே 20 முதல் செப்டம்பர் 2 வரை சனிக்கிழமைகளும் பதினாறு. படிக்காத மனுஷி வைத்த கணக்கில் ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை.

ஆகையால் நான் அனுப்பிய மூன்று அறிக்கைகளையும், அதற்கு முந்திய மே மாத அறிக்கையின் கடைசிப் பன்னிரண்டு நாட்களையும் இதன் மூலம் வாபஸ் பெறுகிறேன். பொட்டலத்துக்குச் சுமார் பத்து என்று வைத்தால் பதினாறு பொட்டலத்துக்கு நூற்று அறுபது, கடைசிப் பொட்டலத்தில் மீதியிருந்த எட்டை அன்றே உன் தாயார் சாணிக் குழியில் போட்டுவிட்டாள், அது போக நூற்று ஐம்பத்திரண்டு. சுமார் என்ற சொல்லை ஒரு கணக்கில் நான் எழுதுவது இதுவே முதல் தடவை. மேனேஜரிடம் திருத்தத்தைச் சொல்லிவிடு, மீட்டிங்கில் கேட்ட அத்தனை பேருக்கும் சொல்லச் சொல். சங்கிலியின் மேல் வருத்தம் வேண்டாம், அவன் கொடுத்தது பிரியத்தில். நேற்றும் பொட்டலத்தோடு வந்தான், உன் தாயார் வாசலிலேயே அவனை நிறுத்தி, ஏலே சங்கிலி, ஐயா காலை நீயா ஒட்ட வைப்பே என்று கேட்டாள், அவன் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு நின்ற நிலை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. செப்டம்பர் 15ஆம் தேதியோடு நூறு நாள் நிறைந்தால் குழந்தையைப் பார்க்க எனக்குப் பம்பாய் டிக்கெட் எடுப்பதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதை எடுக்க வேண்டாம், அந்தப் பரிசுக்கு எனக்குப் பாத்தியதை இல்லை. செப்டம்பர் 4 முதல் முழுசும் இல்லை, உடைசலும் இல்லை. இன்றோடு ஏழு நாள். வாய் மிகவும் கஷ்டப்படுகிறது, பகலில் எரிச்சலாகப் பேசிவிடுகிறேன், நோட்டில் இதற்கு ஒரு கலம் போடவில்லை.

செப்டம்பர் 4ஆம் தேதி திங்கட்கிழமை டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. விரலை எடுத்தாக வேண்டும், புண் ஆறினால் அதோடு முடியும், ஆறாவிட்டால் கணுக்கால் வரை போக வேண்டியிருக்கும், அது வெட்டிய பிறகுதான் தெரியும் என்றார். 21ஆம் தேதி வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நாள் குறித்திருக்கிறார். அதிலும் எனக்கு ஒரு குழப்பம். உன் முறைப்படி எல்லாவற்றையும் பதிய வேண்டும். விரல் போனால் அதை எந்தக் கலத்தில் எழுதுவது? இருப்பில் குறைவு என்றா, உடைசல் என்றா? உடைசல் என்று எழுதினால் எண்ணிக்கையில் சேராது, ஆனால் அது என் விரல். 21ஆம் தேதிக்கு எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30இல் உங்களுக்கு அரையாண்டு விற்பனைக் கணக்கு முடிகிறது, அதற்குள் லீவு கிடையாது என்று நீ எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. வேலைக்கு இடைஞ்சல் செய்து வர வேண்டியதில்லை. ஸ்டேஷனில் விசாரித்ததில், 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பம்பாயில் மெயில் ஏறினால் செவ்வாய்க்கிழமை சென்னை, அன்று மாலை எழும்பூரில் வண்டி மாறினால் 20ஆம் தேதி புதன்கிழமை காலை திண்டுக்கல் என்று சொன்னார்கள். இது அழைப்பு அன்று, உன் தகவலுக்காக மட்டும்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும். போட்டோ எடுத்த தேதியை மறக்காமல் எழுதவும், ஆறாவது சோப்பையும் விசாரிக்கவும்.

இதுவரை எழுதியதை உன் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். தகவலாம் தகவல், மனசுல இருக்குறதை இதுவும் உடைசல், கணக்குல சேராதுன்னு தள்ளிட்டீக, ஒழுங்கா எண்ணி எழுதுங்க என்கிறாள். பயமாக இருக்கிறது அப்பு, வா.

இப்படிக்கு,
உன் தகப்பன்
க. கண்ணுசாமி
10-9-1961, பகல் 11.40